கேஸ் பேப்பரில் நான் சொன்ன ‘இல்லை’

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தாண்டுவதற்குள் உனக்கு மூச்சு வாங்கிவிடும். இருந்தாலும் வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் ஒரே பார்வையில் ஓட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். போனில் பேசி அனுப்பினால் லோக்கல் ரயிலில் நீ காதில் வைத்துக் கேட்கும்போது பக்கத்தில் நிற்கிறவளும் கேட்பாள். முகத்துக்கு நேரே சொல்லலாம் என்றால், மூன்று வாரமாக முயற்சி செய்து பார்த்துவிட்டேன், வாய் வரை வந்து திரும்பிப் போகிறது. நீ மாட்டுங்கா லைப்ரரிக்குப் போன பிறகு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவதற்கு முன்னால் எனக்குக் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில், மூன்று மத்தியானங்களாக இதை எழுதுகிறேன். ஐந்து வருடம் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டியது.

திங்கட்கிழமைக்குள் புனே காலேஜுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிசியோதெரபி சீட், நீ கேட்ட காலேஜ், நீயே பரீட்சை எழுதி வாங்கியது. அதை வேண்டாம் என்கிறாய். அப்பாவிடம் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னாய். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாய். “எம்மா, ஒரு ரூமுக்கு நாலு பேரு, ஒரே கண்ணாடி. நான் தாடிய எங்க வச்சு எடுக்கது? அதுவும் போவ, எனக்குள்ள என்ன இருக்குனே தெரியாம நான் எங்கயும் போவல.” தாடி என்ற சொல்லை நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் நீ சொன்ன இரண்டாவது காரணம் இருக்கிறதே, உனக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத அந்தப் பயம், அது என்னால் வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

உனக்குப் பதின்மூன்று வயதில் மேலுதட்டில் பூனைமுடி கறுக்கத் தொடங்கியது. பதினான்கில் தாடைக்குக் கீழே, காதோரம். நான் செய்த வைத்தியங்களை எல்லாம் இப்போது வரிசையாக நினைத்துப் பார்த்தால், பாட்டனி படித்தவள் செய்கிற வேலையா இது என்று எனக்கே சிரிப்பு வருகிறது. பாசிப்பயறு மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்து, காய்ந்த பிறகு கீழிருந்து மேலாகத் தேய்த்து எடுத்தேன். உன் கன்னம் சிவந்ததுதான் மிச்சம். அப்புறம் பப்பாளிக்காய்ப் பால். அதற்கு நீ தும்மிக்கொண்டே இருந்தாய். பதினைந்தாவது வயதில் பார்லர் மல்லிகா அக்கா ப்ளீச் போட்டுவிட்டாள். அது ஞாபகம் இருக்கிறதா? கறுப்பு முடியெல்லாம் தங்க நிறமாக மாறிவிட்டது. நம் நிறத்துக்குத் தங்க முடி! லோக்கல் ரயிலில் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உன் முகத்தில் விழுந்ததும் எதிர் சீட்டில் இருந்த குழந்தை உன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியது. வீட்டுக்கு வந்து நீ சொன்னாய், “எம்மா, முன்னாடி இருட்டுல இருந்துச்சு, இப்பம் லைட்டு போட்டுட்டீய.”

அதற்குப் பிறகு த்ரெடிங்தான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மல்லிகா அக்காவின் நாற்காலி. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் உன் தாடையில் ஓட்டுவாள். உன் கண்ணில் நீர் வழியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய சினிமாப் பத்திரிகையைப் புரட்டுவேன். “மைனி மகளுக்குக் கூட இவ்வளவு இல்லக்கா. இவளுக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ” என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். அவள் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்லர் வைத்திருக்கிறவளுக்கு யார் முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்?

இந்தக் கோடையில், உன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும், நீயேதான் சொன்னாய், டாக்டரிடம் போகலாம் என்று. பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கிளம்பினோம். போவதற்கு முந்தின நாள் நான் என்ன செய்தேன்? உன்னை மல்லிகா அக்காவிடம் அழைத்துக்கொண்டு போய் முகத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், நாலு பேர் பார்ப்பார்கள், இப்படியா போவது என்று. பாத்திரம் தேய்க்க ஆள் வைத்தால், அவள் வருவதற்கு முன்னால் பாத்திரத்தை ஒரு தடவை கழுவி வைக்கிற ஜாதி நான். நோயைக் காட்டப் போகும்போது நோயைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

அந்த டாக்டரம்மா, மராட்டிக்காரி, மூக்கு நுனியில் கண்ணாடி, விளக்கு வைத்த லென்ஸை உன் தாடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ரொம்ப நேரம் தேடினாள். பிறகு இந்தியில் கேட்டாள், “வீட்டைப் பெருக்கித் துடைச்சிட்டு, திருடன் வந்தான், வந்து பாருங்கனு கூப்பிடுறீங்களே, நான் எதைப் பார்க்கட்டும்?” நீ என்னைப் பார்த்தாய். நான் என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தேன்.

அப்புறம் அவள் கேள்விகள் கேட்டாள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எடை திடீரென்று கூடியதா, குரல் மாறியதா, தலைமுடி கொட்டுகிறதா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா. நீ எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னாய். கடைசியாக என் பக்கம் திரும்பினாள். “குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? அம்மா, சித்தி, அத்தை?” நான் சொன்னேன், “இல்லை.” அவள் என் தாடையைப் பார்த்துவிட்டு, “இந்தச் சிவப்புப் புள்ளிகள்?” என்றாள். “கொசு” என்றேன். அவள் கேஸ் பேப்பரில், நாம் வரிசையில் நின்று வாங்கிய அந்த மெல்லிய தாளில், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று எழுதினாள். எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொசு இல்லை, பிள்ளை. அன்று காலையில் ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தபோது குளிக்கிற மோரியின் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, சின்ன இடுக்கியால் நான் பிடுங்கிய பதினோரு முடிகளின் இடம் அது.

உன் அம்மாவுக்குத் தாடையில் முடி உண்டு. உன்னைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனால் உன்னுடையதைப் போலவே இடது பக்கம் அதிகம், உன்னுடையதைப் போலவே உதட்டின் இரண்டு ஓரத்திலும். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது தொடங்கியது. திருநெல்வேலியில் இருக்கிற என் சித்திக்கும் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள்தான் கைக்குட்டையில் சுற்றிய இடுக்கியை என் பெட்டியில் வைத்துவிட்டு, “அவன் முழிக்கதுக்கு முன்னால எந்திரிச்சிரு, தாயி” என்றாள். இருபது வயதில் பாம்பே வந்து இறங்கினேன். வந்து பார்த்தால் ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே கட்டில், மூலையில் குளிக்கவும் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரு மோரி, அதற்கு ஒரு பிளாஸ்டிக் திரை. இந்த வீட்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஒளித்து வைக்க முடியாது. ஆனால் நான் ஒரு முகத்தை ஒளித்து வைத்தேன். எப்படி என்று நீ கேட்கலாம். எனக்கே இப்போது அது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வருகிற நேரம் என்று ஒன்று இருப்பதால் நான் எழுந்திருப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. குழாயில் குடம் நிரம்புகிற சத்தம் பெரிய ஒத்தாசை. ஒரு குடம் நிரம்புவதற்குள் ஒரு பக்கம், அடுத்த குடத்துக்குள் மறு பக்கம். தண்ணீர் வராத நாட்களில் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பல் வலி என்று சொல்லியிருக்கிறேன். உன் சிறு வயதில், “எம்மாவுக்கு எப்பப் பாத்தாலும் பல்லு வலி” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அப்படி இருக்கும்போதுதான் உன் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கும் ரப்பருக்கும் அடியில், ஒரு இடுக்கியைப் பார்த்தேன். போன வருடம். பென்சில் தேடப் போனவள். அதே சைஸ், அதே மாதிரி முனை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேர், ஒரே வேலையை, ஒரே கண்ணாடி முன்னால், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அன்று டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையும் சோனோகிராபியும் எழுதினாள். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னாள். அதுவரை நூல், இடுக்கி, வேக்ஸ் எதுவும் கூடாது, முடிக்கு வேர் இருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் லேசர் முடிவு செய்ய முடியும், தொந்தரவாக இருந்தால் ரேஸரால் மழித்துக்கொள் என்றாள். நான் வெளியே வந்ததும் சொன்னேன், “ஏட்டி, பொம்பளப் பிள்ள சவரம் பண்ணவா? பொறவு அப்பாவுக்கு மாதிரி முள்ளு முள்ளா வரும்.” நீ கேட்டாய், “டாக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்? எதுல படிச்சீய?” எதில் படித்தேன்? எதிலும் படிக்கவில்லை. எல்லோரும் சொல்வதைக் கேட்டது. அந்தக் கேள்வி எனக்குள் ஊசி மாதிரி இறங்கியது.

உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். இடது முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் வரைந்தேன். ஒரு கட்டத்தை வாரம் இரண்டு தடவை உன் அப்பாவின் பழைய ரேஸரால் மழித்தேன். மற்றதைத் தொடவில்லை. மை அழிய அழியத் திரும்ப வரைந்தேன். கடைசி இரண்டு வாரம் வளரவிட்டு, காலேஜில் பூவிதழ் பார்க்க வைத்திருந்த கைலென்ஸைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மழித்த கட்டத்தில் முடியின் நுனி வெட்டுப்பட்டு மொட்டையாக இருந்தது, அதனால் தடவினால் சொரசொரப்பு. தடிமன் அதே தடிமன். எண்ணிப் பார்த்தேன், அதே எண்ணிக்கை. நிறமும் அதேதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போர்டில் மயிர்க்கால் படம் வரைந்து, வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள் நான். தோலுக்கு மேலே ஓடுகிற பிளேடு அடியில் இருக்கிற வேரை எப்படித் தடிக்க வைக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மோரி ஓரம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒன்றை நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அந்தச் சோதனை முடிவதற்குள் இன்னொரு தப்பு நடந்துவிட்டது. ஐந்தாவது வாரம் திலக் நகரில் உன் அத்தை, அதாவது என் பெரிய மைனி மகளுக்குக் கல்யாணம். நீ டாக்டர் சொன்னபடி நூலைத் தொடாமல், நான் ரேஸரைத் தடுத்ததால் சின்னக் கத்தரியால் வெட்டி வெட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தாய். பந்தக்கால் நட்ட அன்று மைனி உன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, “என்னட்டி, முகத்துல நெழலு விழுந்து கெடக்கு? ஒங்கம்ம மஞ்ச வாங்கித் தர மாட்டாளா?” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சளைக்காமல், “அத்தை, உங்க வீட்டு டியூப்லைட்டு மங்கல், அதான் நெழலு” என்றாய். நீ தாங்கிக்கொண்டாய். நான்தான் தாங்கவில்லை. மறுநாள், வீடியோ எடுப்பார்கள், ஒரே ஒரு தடவைதானே என்று கெஞ்சி, உன்னை மல்லிகா அக்காவின் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆறு வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கல்யாண வீடியோவில் நீ எங்கே வருகிறாய் தெரியுமா? பந்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு.

இரண்டாம் தடவை போனபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். லென்ஸைத் தொடவே இல்லை. ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். சினைப்பை சரியாக இருந்தது, தைராய்டு சரி, ஹார்மோன்கள் சரி, மாதவிலக்கும் ஒழுங்கு. இதைக் கேட்டு நான் மூச்சு விட்டேன். அவள் விடவில்லை. “சில குடும்பங்களில் எல்லாம் சரியாக இருந்தும் முடி வரும், அது அந்த வீட்டுச் சொத்து, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை என்கிறீர்கள். அப்படி என்றால் இவளுக்கு ஏன் வந்தது என்று நான் இன்னும் தேட வேண்டும்” என்றாள். இன்னும் இரண்டு ரத்தப் பரிசோதனை, வயிற்றுக்கு ஒரு பெரிய ஸ்கேன். அபூர்வமாக ஏதாவது கட்டி இருந்தால் தெரியும், பெரும்பாலும் இருக்காது என்றாள். பெரும்பாலும் என்ற சொல் உன் காதில் விழவில்லை. கட்டி என்பது மட்டும் விழுந்தது. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். ‘எனக்கு இருக்கிறது, மேடம்.’ அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் கையில் ரத்தம் எடுத்தார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய், “எம்மா, கட்டி கிட்டி இருக்குமா?” “ச்சீ, அதெல்லாம் ஒண்ணும் இருக்காது” என்றேன். எப்படித் தெரியும் என்று நீ கேட்டாய். எனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து நீ போனில் எதைத் தேடிப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. ஸ்கேனுக்குத் தேதி அடுத்த மாதம். அதற்குள் புனே வேண்டாம் என்று எங்களிடம் சொல்லிவிட்டாய்.

நேற்று நான் சுனாபட்டியில் என் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன் இல்லையா, அங்கே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலில் என் பெயரைச் சொல்லி எனக்கென்று ஒரு கேஸ் பேப்பர் வாங்கினேன். என்ன தொந்தரவு என்று ஜன்னல்காரர் கேட்டார். “முகத்தில் முடி” என்றேன். எனக்குப் பின்னால் எட்டுப் பேர். இத்தனை வருடம் நான் பயந்த அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லியாயிற்று. அவர் தலை நிமிராமல், “ஸ்கின், ரூம் நம்பர் பதினாறு, நெக்ஸ்ட்” என்றார். அவ்வளவுதான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் உன்னைத் தேடினாள். “இன்றைக்கு நான்தான் நோயாளி” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து தாடையைத் தூக்கினேன். நான்கு நாளாக இடுக்கியைத் தொடவில்லை. லென்ஸைக் கொண்டுவந்தாள். பார்த்துவிட்டு, “நானும் யோசித்தேன், தாராவிக் கொசு தாடையை மட்டும் ஏன் தேடித் தேடிக் கடிக்கிறது என்று” என்றாள். நான் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் நின்றேன். அவள் திட்டவில்லை, டிஷ்யூ பெட்டியைத் தள்ளிவிட்டாள். பிறகு ஒன்று சொன்னாள், “இந்த ரூமில் தினமும் பொய் கேட்கிறேன். பெரும்பாலும் அம்மாக்கள்தான் சொல்கிறார்கள்.”

உட்கார்ந்ததே உட்கார்ந்தாயிற்று என்று இருபது வருடக் கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் என்னைச் சபித்திருப்பார்கள். வேரோடு பிடுங்குகிறேனே, வேர் ஏன் போவதில்லை என்று கேட்டேன். முடியை உண்டாக்குகிற இடம் உள்ளேயே தங்கிவிடுகிறது என்றாள். எனக்குச் சட்டென்று கோரைப்புல் ஞாபகம் வந்தது. மேலே பிடுங்கினால் புல் கையோடு வரும், கிழங்கு மண்ணில் இருக்கும். அதைச் சொன்னேன். “ஆமாம், அதேதான், நீங்கள் பாட்டனியா?” என்று கேட்டாள். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. லேசர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். முடியின் கறுப்பு அந்த ஒளியைப் பிடித்துக்கொள்ளும், சூடு வேர் வரை இறங்கும். அதனால்தான் வேர் உள்ளே இருக்க வேண்டும், பிடுங்கிவிட்டு வந்தால் ஒளிக்குப் பிடிமானம் இல்லை. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, அதனால் ஒரு தடவையில் முடியாது, மாதம் ஒன்று என்கிற மாதிரி பல தடவை வர வேண்டும். ஒரேயடியாக ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, நன்றாகக் குறையும், மெலியும், நடுவில் எப்போதாவது திரும்ப ஒரு தடவை போக வேண்டியிருக்கும். நம் நிறத்துக்கு ஏற்ற மிஷினும் பழகிய கையும் முக்கியம், இல்லையென்றால் சுட்டுவிடும். மாத்திரையும் உண்டு, அதற்கு ஆறு மாதமாவது பொறுமை வேண்டும், உனக்குத் தேவையா என்பதை உன்னிடம் பேசித்தான் முடிவு செய்வாளாம், என்னிடம் இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு எந்த க்ரீமும் வாங்கிப் பூசக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னாள். என் முகத்திலேயே அது எழுதியிருந்தது போல.

என் தாடையில் இரண்டு முடி நரைத்துவிட்டது. வெள்ளை முடியை லேசரால் பார்க்க முடியாதாம். அவற்றுக்கு ஊசி வைத்து ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். இருபது வயதில் வந்திருந்தால் எல்லாமே கறுப்பு. நான் ஒளித்து வைத்தது எதுவோ அது என்னோடேயே கிழடு ஆகிக்கொண்டிருந்தது. உன்னுடையது எல்லாம் நல்ல கறுப்பு, பிள்ளை. இதை ஒரு அம்மா பெருமையாகச் சொல்வாள் என்று நான் நினைத்ததில்லை.

கடைசியில் அவள் என் கைப்பையில் இருந்த உன் பழைய தாளை வாங்கி, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அம்மாவுக்கும் அம்மாவின் சித்திக்கும் உண்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். புதிய ரத்த ரிப்போர்ட்டும் வந்திருந்தது, எல்லாம் சரி. உனக்குள் கட்டி எதுவும் இருக்கும் என்று அவள் சந்தேகப்படவில்லை. ஸ்கேன் இப்போது வேண்டாம் என்று அடித்துவிட்டாள். ஒருவேளை மாதவிலக்கு தப்பினாலோ, முடி திடீரென்று கூடினாலோ மட்டும் வா என்றாள். புனே பற்றியும் கேட்டேன். ரேஸரை எடுத்துக்கொண்டு போகட்டும், மாதம் ஒரு தடவை ரயில் ஏறி வந்து லேசர் செய்துகொண்டு போகட்டும், இதற்காக யாராவது படிப்பை விடுவார்களா என்றாள்.

வீட்டுக்கு வந்து, நீ வருவதற்கு முன்னால் உன் அப்பாவிடம் சொன்னேன். தோல் பட்டறையிலிருந்து வந்து, விரலில் அப்பியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “ஏங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு மொகத்துல முடி வரும்.” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும்.” “எப்பத்துல இருந்து?” “கல்யாணம் முடிஞ்சு ரெண்டாம் மாசம். அஞ்சு மணிக்கு எனக்கும் முழிப்பு வந்துரும்லா. நீ முடிச்சிட்டு வாரது வரைக்கும் கண்ண மூடிக் கெடப்பேன்.” அவரே கேட்டார், “மோரிக் கண்ணாடிய எறக்கி மாட்டுனேனே, பெரிய பல்பு போட்டேனே, எதுக்குனு நெனச்ச? எனக்கு அந்தக் கண்ணாடியில கழுத்துதான் தெரியுது. இத்தன வருசமாக் குனிஞ்சுலா ஷேவ் பண்ணுதேன்.” நீ சிறு வயதிலிருந்து கேட்பாயே, அப்பா ஏன் குனிந்துகொண்டே ஷேவ் செய்கிறார் என்று. அதற்குப் பதில் இதுதான்.

எனக்கு இப்போது இன்னொரு கேள்வி. நாம் மூன்று பேர், ஒரு அறை. நான் உன்னிடமிருந்து ஒளித்தேன், நீ என்னிடமிருந்து ஒளித்தாய், அவர் தெரியும் என்பதையே ஒளித்தார். மூன்று பேரும் அன்பாகத்தான் செய்தோம். அது எப்படி உன்னை ஸ்கேன் வரிசை வரை கொண்டுபோய் நிறுத்தியது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ புத்திசாலி, உனக்கு விடை தெரிந்தால் சொல். ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் என்றாய். அந்த நாலில் இன்னொருத்தியின் டப்பாவுக்குள்ளும் ஒரு இடுக்கி இருக்கும் என்பது என் சந்தேகம். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றால் எனக்குச் சம்மதம். கொசுக் கதையையும் சேர்த்தே படி.

புனேக்குப் போ என்று நான் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு நீ இல்லாமல் இந்த வீடு பெரிதாகிவிடும் என்ற பயம் வேறு இருக்கிறது, அதை நீ கணக்கில் எடுக்காதே. திங்கட்கிழமை நீ என்ன சொன்னாலும், தெரிந்துகொண்டு சொல். அதற்காகத்தான் உன் கேஸ் பேப்பரையும் என் கேஸ் பேப்பரையும் சேர்த்துக் குத்தி, இந்தக் கடிதத்தோடு உன் ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் வைக்கிறேன். இரண்டிலும் நோயின் பெயர் ஒன்றுதான், பார்.

நாளைக் காலை தண்ணீர் வந்ததும் எழுந்திருப்பேன். ஒரு புது ரேஸர் வாங்கி வந்திருக்கிறேன், என் முன்கையில் பழகிய கை, பயம் இல்லை. திரையை இழுக்க மாட்டேன். கண்ணாடி உன் உயரத்துக்கும் சரியாக இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்றால் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

அன்புடன்,
பல் வலி இல்லாத உன் அம்மா